நெஞ்சுச் சளியில் ஆஸ்துமாவின் புரதங்கள்: கோழை எடுப்பதிலிருந்து எண்ணைப் படிப்பது வரை

ஆஸ்துமா உள்ளவரின் கோழையை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், சில சமயம் இரு முனையும் கூர்மையான, நிறமற்ற, ஊசி போன்ற படிகங்கள் தென்படும். ஷார்கோ 1853இலும் லைடன் 1872இலும் விவரித்ததால் இருவர் பெயரையும் சேர்த்து ஷார்கோ-லைடன் படிகம் என்கிறோம். பார்க்க உப்புப் படிகம் போலிருந்தாலும் அது காலெக்டின்-10 என்ற ஒரே புரதம் திரண்டு உண்டானது. இயோசினோபில் என்ற வெள்ளணு உடைந்து மடியும்போது அதன் உள்ளிருந்து கொட்டுவது. மூச்சுக்குழாய்ச் சுவரில் நடக்கும் அழற்சி அங்குள்ள திரவத்தின் புரதங்களை மாற்றுகிறது என்பதற்குக் கண்ணால் காணக்கூடிய சாட்சி இது.

இன்று அதே கோழையில் பல நூறு புரதங்களை அளக்க முடிகிறது. எதிர்ப்பொருளைக் கொண்டு புரதத்தை அளக்கும் எலைசா தட்டில் எண் எடுப்பது ஒரு நாள் வேலைதான். அந்த எண் மூச்சுக்குழாயிலிருந்து வந்ததா, வாய் எச்சிலிலிருந்து வந்ததா, நாம் ஊற்றிய ரசாயனத்தால் வந்ததா என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்வதுதான் கடினம். புதியவர்கள் எலைசாவில் சறுக்குவது குறைவு. அதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில்தான் சறுக்குகிறார்கள். அதனால் இந்த வழிகாட்டியில் பெரும்பகுதி அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றியது. ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த மாணவர், நுட்பனர், நுரையீரல் துறைப் பயிற்சி மருத்துவர் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதியது.

எதைத் தேடுகிறோம்

ஆஸ்துமாவில் மாறும் புரதங்களைப் பெயர்ப் பட்டியலாக மனப்பாடம் செய்யாதீர்கள். எங்கிருந்து வருகின்றன என்று பிரித்து வைத்துக்கொண்டால் பிறகு எண்களைப் படிப்பது எளிது.

முதலாவது, இயோசினோபில் தன் துகள்களிலிருந்து கக்குபவை. இ.சி.பி. எனப்படும் இயோசினோபில் கேட்டயானிக் புரதம், இ.டி.என். எனப்படும் இயோசினோபில் நியூரோடாக்சின், இயோசினோபில் பெராக்சிடேஸ், மேஜர் பேசிக் புரதம் ஆகிய நான்கும் இதில் அடங்கும். இவை செல்லுக்குள் இருக்கும்வரை திரவத்தில் தெரியாது. செல் துகள்களைக் கொட்டினாலோ உடைந்தாலோதான் தெரியும். ஆகவே செல் எண்ணிக்கை குறைவாகவும் இ.சி.பி. அதிகமாகவும் இருக்கும் மாதிரியைக் கண்டால் உடனே பிழை என்று தள்ளிவிடாதீர்கள். செல்கள் ஏற்கெனவே கொட்டித் தீர்த்திருக்கலாம்.

இரண்டாவது, மூச்சுக்குழாயின் மேல்படலச் செல்கள் சுரப்பவை. ஐ.எல்.-13 என்ற சைட்டோகைன் (செல்களுக்கிடையே செய்தி சொல்லும் புரதம்) இந்தச் செல்களைத் தொட்டால் அவை பெரியோஸ்டின், சி.எல்.சி.ஏ.-1, செர்பின்-பி2 ஆகியவற்றைக் கூடுதலாக உண்டாக்குகின்றன. இயோசினோபில்களை இழுத்துவரும் இயோடாக்சின்-3 உண்டாவதும் இப்படித்தான். கோழையின் பசைத்தன்மைக்குக் காரணமான மியூசின்களும் இங்கேதான் மாறுகின்றன. நலமாக இருப்பவரிடம் மக்-5பி முதன்மையான மியூசின். ஆஸ்துமாவில் மக்-5ஏசி ஏறுகிறது. இதோடு இயோசினோபில் பெராக்சிடேஸ் உண்டாக்கும் ஆக்சிஜனேற்றம் மியூசின் இழைகளுக்கு இடையே கூடுதல் டைசல்ஃபைடு (இரு கந்தக அணுக்கள் சேர்ந்த) பிணைப்புகளைப் போட்டுவிடுகிறது. கடும் ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயை அடைக்கும் கெட்டிக் கோழைக்கு இது ஒரு காரணம். எல்லாம் ஏறுவதும் இல்லை. கிளப் செல் புரதம் எனப்படும் சி.சி.-16 ஆஸ்துமாவில் பொதுவாகக் குறைகிறது.

மூன்றாவது, இரத்தத்திலிருந்து கசிபவை. அழற்சியால் நுண்குழாய்களின் இறுக்கம் தளரும்போது ஆல்புமின் (சுமார் 66 கிலோடால்டன்), ஃபைப்ரினோஜன் (சுமார் 340), ஆல்ஃபா-2-மேக்ரோகுளோபுலின் (சுமார் 720) ஆகியவை திரவத்துக்கு வந்துசேர்கின்றன. ஆல்புமின் சிறியது, ஓரளவு எப்போதும் கசியும். பெரிய மேக்ரோகுளோபுலின் ஏறினால் கசிவு உண்மையிலேயே அதிகம் என்று கொள்ளலாம். இரண்டையும் ஒன்றாக அளப்பது நல்ல பழக்கம்.

நான்காவது, நியூட்ரோபில் என்ற இன்னொரு வெள்ளணுவின் சரக்கு: மையலோபெராக்சிடேஸ், எலாஸ்டேஸ், எம்.எம்.பி.-9, கால்புரொடெக்டின், இவற்றோடு நியூட்ரோபிலை அழைக்கும் ஐ.எல்.-8. ஆஸ்துமா என்றாலே இயோசினோபில் என்று எண்ணிவிடக் கூடாது. நியூட்ரோபில் மிகுந்த ஆஸ்துமாவும் உண்டு. தொற்றும் புகைப்பழக்கமும் இதே படத்தைத் தரும். மாஸ்ட் செல்லின் டிரிப்டேஸ் இந்த நான்கிலும் சேராது, அது தனி.

எந்த மாதிரியை எடுப்பது

பிராங்கோஸ்கோப் வழியாக உப்புநீர் விட்டு உறிஞ்சி எடுக்கும் லவாஜ் திரவம் ஆழத்திலிருந்து வருகிறது, எச்சில் கலப்பு குறைவு. ஆனால் நோயாளிக்குச் சிரமம், செலவு; விட்ட நீரால் மூச்சுக்குழாய்த் திரவம் எவ்வளவு நீர்த்திருக்கிறது என்றும் தெரியாது. அதற்கு யூரியாவைப் பயன்படுத்துவார்கள்: இரத்தத்தில் யூரியா 5 மில்லிமோல், லவாஜில் 0.05 என்றால் நூறு மடங்கு நீர்த்திருக்கிறது என்று கணக்கு. நீர் உள்ளே அதிக நேரம் தங்கினால் திசுவிலிருந்து யூரியா ஊறிவந்து இந்தக் கணக்கைக் கெடுத்துவிடும். வெளிமூச்சைக் குளிர்வித்துச் சேர்க்கும் நீரில் புரதம் மிக மிகச் சொற்பம். தொடக்கநிலையில் அதை நாடாதீர்கள்.

உப்புநீர் ஆவியால் வரவைத்த கோழைதான் நடைமுறைக்கு உகந்தது. கனடாவின் ஹாமில்டனில் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஃப்ரெடி ஹார்கிரீவ் குழுவினர் 1990களில் செம்மைப்படுத்திய முறை இது. ஐரோப்பிய சுவாசவியல் சங்கத்தின் பணிக்குழு 2002இல் இதற்கான நெறிகளை வெளியிட்டது. கீழே வருவது அந்த மரபைச் சேர்ந்த செய்முறை. உங்கள் ஆய்வகத்தில் எழுத்தில் உள்ள நெறிமுறை சற்று மாறுபட்டால் அதையே பின்பற்றுங்கள். நடுவில் மட்டும் மாற்றாதீர்கள்.

ஆளைத் தயார்செய்வது

உப்புநீர் ஆவி ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுக்குழாயை இறுக்கக்கூடியது. மருத்துவர் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும். ஆக்சிஜன், சால்பியூட்டமால் நெபுலைசர், பல்ஸ் ஆக்சிமீட்டர் தயாராக இருக்க வேண்டும். இவை இல்லாமல் தொடங்கவே கூடாது. இந்தச் செயல்முறை இருமலைத் தூண்டுவதால் அறைக் காற்றில் துளிகள் நிறையும். காசநோய் பரவலாக உள்ள இந்தியா போன்ற நாடுகளில் இது சாதாரண விஷயம் அல்ல. காற்று வெளியேறும் வசதியுள்ள தனி அறை, எடுப்பவருக்கு என்-95 முகக்கவசம், பிறகு மாதிரியைக் கையாள உயிரியல் பாதுகாப்புப் பெட்டி ஆகிய மூன்றும் கட்டாயம்.

கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டியவை: கடந்த நான்கு வாரத்தில் சளி, காய்ச்சல் உண்டா, புகைப்பழக்கம் உண்டா, உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு என்ன அளவு, கடைசியாக எப்போது, ஸ்டீராய்டு மாத்திரை அண்மையில் எடுத்தாரா. ஸ்டீராய்டு மாத்திரை சில நாட்களிலேயே இயோசினோபில்களைக் கரைத்துவிடும். இதைக் கேட்காமல் விட்டால், பிறகு இ.சி.பி. குறைவாக இருப்பதைப் பார்த்து நோயே வேறு வகை என்று முடிவுகட்டிவிடுவீர்கள். முந்தைய நாள் இதே முறையில் கோழை எடுத்தவரிடம் மறுநாளே எடுக்காதீர்கள். உப்புநீரே நியூட்ரோபில்களை வரவழைக்கும். குறைந்தது இரண்டு நாள் இடைவெளி விடுங்கள்.

ஸ்பைரோமீட்டரில் ஊதவைத்து முதல் நொடி மூச்சளவைக் குறியுங்கள். ஒரு அழுத்தத்துக்கு 100 மைக்ரோகிராம் தரும் சால்பியூட்டமால் இன்ஹேலரை ஸ்பேசர் வழியாக 2 முதல் 4 அழுத்தம் கொடுத்து, 10 முதல் 15 நிமிடம் கழித்து மீண்டும் ஊதவையுங்கள். இந்த இரண்டாவது அளவுதான் இனி ஒப்பீட்டுக்கு அடிப்படை.

கோழையை வரவைப்பது

வழக்கமான நோயாளிக்கு 3, 4, 5 சதவீத உப்புநீரை வரிசையாக ஏழேழு நிமிடம் கொடுக்கலாம், அல்லது 4.5 சதவீதத்தை மட்டும் ஐந்து நிமிடத் தவணைகளாக, மொத்தம் 20 நிமிடத்துக்கு மிகாமல் கொடுக்கலாம். அல்ட்ராசோனிக் நெபுலைசர் நிமிடத்துக்குச் சுமார் 1 மி.லி. ஆவியாக்க வேண்டும். வீட்டில் மருந்துக்குப் பயன்படும் சாதாரண ஜெட் நெபுலைசரின் வெளியீடு போதாது. கோழை வராமல் போவதற்கு அடிக்கடி காரணம் இதுதான். சால்பியூட்டமாலுக்குப் பிறகும் மூச்சளவு எதிர்பார்க்கும் அளவில் 60 சதவீதத்துக்குக் கீழே இருப்பவருக்கு 0.9 சதவீதச் சாதாரண சலைனில், அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று மிகக் குறுகிய தவணைகளில் தொடங்குங்கள்.

ஒவ்வொரு தவணைக்குப் பிறகும் மூச்சளவு பார்க்க வேண்டும். 10 சதவீதம் குறைந்தால் செறிவை ஏற்றாதீர்கள். 20 சதவீதம் குறைந்தாலோ, நோயாளி நெஞ்சு இறுகுகிறது என்றாலோ நிறுத்தி, சால்பியூட்டமால் கொடுத்து, மூச்சளவு பழைய நிலைக்குத் திரும்பும்வரை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். எண் நன்றாக இருந்தாலும் நோயாளியின் சொல்லுக்கு முதலிடம்.

இனி, நாங்கள் மிக முக்கியமாகக் கருதும் இடம். நோயாளியிடம் என்ன சொல்கிறோம் என்பதுதான் மாதிரியின் தரத்தைத் தீர்மானிக்கிறது. 'சளியைத் துப்புங்க' என்றால் பலர் காறித் துப்புவார்கள். காறினால் வருவது மூக்கின் பின்புறமும் தொண்டையும் சேர்ந்த சளி. அதில் மூச்சுக்குழாய்ப் புரதம் இல்லை. தமிழில் மூக்கில் வடிவதும் சளிதான், நெஞ்சில் கட்டுவதும் சளிதான். அதனால் இப்படிச் சொல்லுங்கள்: 'மூக்கை நல்லாச் சிந்திடுங்க. வாயைக் கொப்பளிச்சிடுங்க. வாயில ஊறுற எச்சிலை இந்தக் கிண்ணத்துல துப்புங்க. காறாதீங்க. மூச்சை ஆழமா இழுத்து, நெஞ்சுக்கூட்டிலேர்ந்து இருமி, வர்ற கெட்டிச் சளியை மட்டும் இந்த டப்பால போடுங்க.' ஒருமுறை நீங்களே இருமிக் காட்டுங்கள். ஒவ்வொரு தவணை முடிவிலும் இதைத் திரும்பச் சொல்லுங்கள். வயதானவர்கள் பல்செட்டைக் கழற்றிவிட்டால் நல்லது.

வந்த மாதிரியை உடனே பனிக்கட்டியில் வையுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் பதப்படுத்திவிட வேண்டும். தாமதித்தால் செல்கள் உடைந்து தம் சரக்கைக் கொட்டும். நியூட்ரோபில் எலாஸ்டேஸ் பக்கத்திலுள்ள சைட்டோகைன்களை அரித்துத் தின்னும். ஒரு புரதம் பொய்யாக ஏறும், இன்னொன்று பொய்யாக இறங்கும்.

கெட்டித் துண்டுகளைப் பொறுக்குவது

டப்பாவைப் பெட்ரித் தட்டில் கவிழ்த்து, கீழே கறுப்புத்தாள் வையுங்கள். கறுப்புப் பின்னணியில் கோழைத் துண்டுகள் வெண்மையாக, மங்கலாக, திரண்டு தெரியும். எச்சில் தெளிவாக, நுரைத்து, ஓடிக்கொண்டிருக்கும். மழுங்கிய இடுக்கியால் துண்டைப் பிடித்து, தட்டின் உலர்ந்த பகுதியில் வட்டமாக மெதுவாகத் தேயுங்கள். எச்சில் தட்டில் ஒட்டிக்கொள்ளும், கோழை உருண்டு சேரும். முன்பே எடைபோட்ட குழாயில் இட்டு எடைபோடுங்கள். குறைந்தது 100 மில்லிகிராம் வேண்டும். 250க்கு மேல் கிடைத்தால் நிம்மதி.

துண்டு பொறுக்காமல் முழு மாதிரியையும் கரைக்கும் முறையும் உண்டு. வேகமானது, கண் பழக வேண்டியதில்லை. ஆனால் எச்சில் எவ்வளவு கலந்ததோ அவ்வளவு நீர்த்துப்போகும். ஆளுக்கு ஆள் அது மாறும். புரதம் அளப்பதே நோக்கம் என்றால் பொறுக்கும் முறையைத் தேர்ந்தெடுங்கள். இரண்டையும் ஒரே ஆய்வில் கலப்பது பெரும் தவறு.

கரைப்பது

கோழை ஜெல் போன்றது. மியூசின் இழைகளை டைசல்ஃபைடு பிணைப்புகள் வலையாகக் கட்டியிருக்கின்றன. அந்தப் பிணைப்பை வெட்ட டைதயோதிரெயிடால் பயன்படுகிறது. ஆங்கில எழுத்துச் சுருக்கத்தைத் தமிழில் எழுதினால் பழைய பூச்சிமருந்தான டி.டி.டி.யோடு குழம்பும், குப்பி ஒட்டுத்தாளில் முழுப் பெயரையே எழுதுங்கள். இங்கே சுருக்கமாக டைதயோ என்போம்.

250 மில்லிகிராம் கோழைக்கான கணக்கு: நான்கு மடங்கு, அதாவது 1 மி.லி., 0.1 சதவீத டைதயோ சேர்த்து 15 நொடி வார்டெக்ஸ் செய்து, 15 நிமிடம் ஆட்டும் மேசையில் வையுங்கள். பிறகு அதே அளவு, 1 மி.லி., பி.பி.எஸ். (பாஸ்பேட் கலந்த உப்புநீர்) சேர்த்து மேலும் 5 நிமிடம் ஆட்டுங்கள். டைதயோ கரைசலை அன்றன்றைக்குப் புதிதாகத் தயாரிக்க வேண்டும். காற்றுப்பட்டால் ஆக்சிஜனேற்றமாகி வலுவிழக்கும். 15 நிமிடம் கழித்தும் நூல் நூலாக இழுபட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது பழைய டைதயோவை. நேரத்தைக் கூட்டிச் சமாளிக்க முயன்றால் செல்கள் சிதையும்.

48 மைக்ரான் நைலான் வலையில் வடிகட்டுங்கள். வலையை முன்பே பி.பி.எஸ்.ஸில் நனைத்துவிட்டால் திரவ இழப்பு குறையும். வடித்ததில் ஒரு துளியை டிரிப்பான் நீலத்தோடு சேர்த்துச் செல் எண்ணும் கண்ணாடியில் பாருங்கள்: மொத்தச் செல்கள், உயிருள்ளவை எத்தனை சதவீதம், வாயிலிருந்து வந்த தட்டைச் செல்கள் எத்தனை சதவீதம். தட்டைச் செல்கள் 20 சதவீதத்தைத் தாண்டினால் அந்த மாதிரியின் புரத எண்ணை நம்பாதீர்கள்.

மீதியை 4°செ. வெப்பநிலையில் சுமார் 800 ஜி வேகத்தில் 10 நிமிடம் சென்ட்ரிஃப்யூஜ் செய்யுங்கள். அடியில் செல், மேலே தெளிந்த நீர். அந்தத் தெளிவுநீர்தான் நமக்கு வேண்டிய புரத மாதிரி. அடியைத் தொடாமல், கால் மி.லி. மிச்சம் விட்டு உறிஞ்சி, 200 மைக்ரோலிட்டர் பங்குகளாகப் பிரித்து மைனஸ் 80°செ.இல் வையுங்கள். ஒரு குழாய், ஒரு சோதனை, ஒரே முறை உருக்குவது. பெரிய குழாயில் மொத்தமாக உறையவைத்துத் திரும்பத் திரும்ப உருக்கினால் சைட்டோகைன்கள் குறைந்துகொண்டே போகும்.

நீர்த்த மடங்கு என்ன? 0.25 மி.லி. கோழை, 1 டைதயோ, 1 பி.பி.எஸ்.: மொத்தம் 2.25 மி.லி. ஆக 9 மடங்கு. கோழையின் சொந்தக் கனஅளவை மறந்து 8ஆல் பெருக்கும் வழக்கம் சில ஆய்வகங்களில் உண்டு. எதைப் பயன்படுத்தினீர்கள் என்று எழுதிவையுங்கள். இரண்டு ஆய்வுகளின் எண்களை ஒப்பிடும்போது இந்த வித்தியாசம் மட்டுமே 12 சதவீதத்துக்கு மேல்.

அடியில் உள்ள செல்களை விட்டுவிடாதீர்கள்

புரதம்தானே வேண்டும் என்று செல்களைக் கொட்டிவிடுபவர்கள் உண்டு. வேண்டாம். செல்களைப் பி.பி.எஸ்.ஸில் கலந்து மி.லி.க்கு 5 முதல் 10 லட்சமாக்கி, சைட்டோஸ்பின் கண்ணாடித் தகடு போட்டு, கீம்சா வகைச் சாயம் ஏற்றி, தட்டைச் செல்களை நீக்கி 400 செல்களை எண்ணுங்கள். இயோசினோபில் 3 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் இயோசினோபில் வகை என்று பெரும்பாலோர் கொள்கிறார்கள். 2 சதவீதத்தை எல்லையாக வைப்பவர்களும் உண்டு. நியூட்ரோபிலுக்கு 61 முதல் 76 சதவீதம் வரை வெவ்வேறு எல்லைகள் புழங்குகின்றன. வயது ஏற ஏற இயல்பாகவே நியூட்ரோபில் கூடும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். செல் எண்ணிக்கை இல்லாத புரத எண், முகவரி இல்லாத கடிதம்.

டைதயோ செய்யும் கேடு

கோழையைக் கரைக்க உதவும் அதே வேதிவினை அளவையைக் கெடுக்கவும் செய்கிறது. புரதங்கள் பலவற்றின் வடிவத்தை டைசல்ஃபைடு பிணைப்புகள்தான் காக்கின்றன. அவை வெட்டுப்பட்டால் எலைசாவின் எதிர்ப்பொருள் அவற்றை அடையாளம் காணாது. ஐ.எல்.-5, ஐ.எல்.-13 போன்ற சைட்டோகைன்கள் இதனால் குறைத்துக் காட்டப்படுகின்றன. இ.சி.பி., ஐ.எல்.-8 பெரும்பாலும் தாக்குப்பிடிக்கின்றன. இன்னொரு கேடு பலர் கவனிக்காதது: எலைசாத் தட்டில் பூசியிருக்கும் எதிர்ப்பொருளே டைசல்ஃபைடால் கட்டப்பட்டதுதான். மிச்ச டைதயோ அதையும் வெட்டும்.

எவ்வளவு மிச்சம்? 0.1 சதவீதம் என்பது மி.லி.க்கு 1 மில்லிகிராம், அதாவது சுமார் 6.5 மில்லிமோலார். ஒன்பதில் நான்கு பங்காக நீர்த்த பிறகும் சுமார் 2.9 மில்லிமோலார் இருக்கும். மொத்தப் புரதம் அளக்கப் பி.சி.ஏ. கிட்டைக் கையில் எடுப்பவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். அந்தச் சோதனை செம்பு அயனியைப் புரதம் ஒடுக்குவதைக் கொண்டு நிறம் காட்டுவது. டைதயோவும் செம்பை ஒடுக்கும். வெறும் கரைசலை வைத்தாலே ஊதா நிறம் வரும். பிராட்ஃபோர்டு முறை டைதயோவைத் தாங்கும். ஆனால் சர்க்கரைச் சங்கிலிகளால் போர்த்தப்பட்ட மியூசினைப் பிராட்ஃபோர்டு சாயம் சரியாகப் பிடிக்காது. நீங்கள் எழுதும் மொத்தப் புரதத்தில் மியூசின் ஏறக்குறைய சேரவில்லை என்று கொள்ளுங்கள்.

சைட்டோகைன்கள் முக்கியம் என்றால் வரிசையை மாற்றுங்கள். முதலில் எட்டு மடங்கு பி.பி.எஸ்.ஸில் கோழையை ஆட்டி, சென்ட்ரிஃப்யூஜ் செய்து, நான்கு மடங்கு தெளிவுநீரை எடுத்துவிடுங்கள். அது டைதயோ படாத பங்கு, ஐ.எல்.-5, ஐ.எல்.-13க்கு அதையே பயன்படுத்துங்கள். மீதமுள்ள நான்கு மடங்கில் 0.2 சதவீத டைதயோவை நான்கு மடங்கு சேர்த்தால் அது 0.1 சதவீதமாகி, செல் எண்ணிக்கைக்கு வழக்கம்போல உதவும். குறை என்னவென்றால், ஜெல்லுக்குள் சிக்கிய புரதம் பி.பி.எஸ்.ஸில் முழுதும் வெளியே வராது.

புரதத்தை அரிக்கும் நொதிகளைத் தடுக்கும் புரோட்டியேஸ் தடுப்பான் கலவை சேர்ப்பது ஐ.எல்.-5 மீட்சியைக் கூட்டும். ஆனால் எலாஸ்டேஸின் செயல்திறனை அளக்கப் போகிறீர்கள் என்றால் அதைச் சேர்க்காத ஒரு பங்கைத் தனியே வையுங்கள். உலோக அயனிகளைப் பிடித்துவைக்கும் இ.டி.டி.ஏ. உள்ள கலவை எம்.எம்.பி.-9இன் செயலை நிறுத்திவிடும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

கிட் கோழையில் வேலை செய்கிறதா

எலைசா கிட்கள் பெரும்பாலும் சீரத்துக்கும் பிளாஸ்மாவுக்கும் சரிபார்க்கப்பட்டவை. கோழைக்கு நீங்களே இரண்டு சோதனை செய்துகொள்ள வேண்டும்.

ஒன்று, சேர்த்து மீட்பது. ஒரு மாதிரியை இரண்டாகப் பிரித்து ஒன்றில் தெரிந்த அளவு புரதம் சேருங்கள். சேர்க்காத பங்கில் 40 பிகோகிராம், கூடுதலாகச் சேர்த்த அளவு 100, சேர்த்த பங்கில் அளவை 95 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். மீட்சி 55 சதவீதம். கிட் உங்கள் மாதிரியில் பாதியைத்தான் காண்கிறது. 80 முதல் 120 வரை இருந்தால் ஏற்கலாம். இன்னொன்று, நீர்த்துப் பார்ப்பது. நீர்க்காததில் 50 காட்டி, நான்கு மடங்கு நீர்த்து நான்கால் பெருக்கினால் 120 வந்தால், கோழையில் உள்ள ஏதோ ஒன்று அளவையைத் தடுக்கிறது. எந்த மடங்கிலிருந்து எண் நிலைப்படுகிறதோ அதையே எல்லா மாதிரிக்கும் வையுங்கள். தரவரைபடத்துக்கான கரைசல்களையும், மாதிரியில் இருப்பது போல அதே செறிவு டைதயோ கலந்த பி.பி.எஸ்.ஸில் தயாரியுங்கள். ஒரே தட்டில் ஆஸ்துமா உள்ளவர், நலமானவர் இரண்டு மாதிரிகளும் கலந்திருக்க வேண்டும். நோயாளிகள் எல்லாம் ஒரு தட்டில், மற்றவர்கள் இன்னொரு தட்டில் என்றால் தட்டுகளின் வேறுபாடு நோயின் வேறுபாடாக வேடம் போடும்.

மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு அனுப்புவதானால்

சுருக்கமாக மூன்று விஷயம். டிரிப்சின் என்ற நொதியால் புரதத்தை வெட்டும் முன், டைசல்ஃபைடு உடைந்து வெளிப்பட்ட தயோல்களை (கந்தக முனைகளை) மூட அயோடோஅசிட்டமைடு சேர்ப்போம். மாதிரியில் முன்பே உள்ள டைதயோ ஒவ்வொரு மூலக்கூறுக்கும் இரண்டு தயோலாக அதைச் செலவழிக்கும், கணக்கில் கொள்ளுங்கள். மியூசின்களின் சர்க்கரை மூடிய நடுப்பகுதி டிரிப்சினுக்கு வழிவிடாது. ஓரங்களிலிருந்து வரும் பெப்டைடுகளைக் கொண்டே மக்-5ஏசி, மக்-5பி கணக்கிடப்படுகின்றன. கடைசியாக, முடிவுப் பட்டியலில் முதலில் தேட வேண்டியவை உங்களுக்குப் பிடித்த புரதங்கள் அல்ல. அமைலேஸ், ஸ்டாதெரின், ஹீமோகுளோபின். முதல் இரண்டும் எச்சிலைக் காட்டிக்கொடுக்கும். மூன்றாவது, இருமலில் வந்த இரத்தத்தை.

எண்ணைப் படிப்பது

மொத்தப் புரதத்தால் வகுத்துச் சமன்செய்வது இயல்பாகத் தோன்றும். ஆஸ்துமாவில் அது ஆபத்து. ஒரு கற்பனைக் கணக்கு: நலமானவரிடம் மொத்தப் புரதம் 1 மில்லிகிராம், இ.சி.பி. 100 நானோகிராம். ஆஸ்துமா உள்ளவரிடம் இ.சி.பி. 200 ஆகிறது; கூடவே ஆல்புமின் கசிந்து மொத்தப் புரதம் 2 மில்லிகிராம் ஆகிறது. வகுத்தால் இருவருக்கும் ஒரே எண். இ.சி.பி. ஏறவே இல்லை என்று எழுதிவிடுவோம். நோயின் ஒரு விளைவைக் கொண்டு இன்னொரு விளைவை வகுத்ததால் இரண்டும் மறைந்தன. துண்டு பொறுக்கி, எடை பார்த்து, நீர்த்த மடங்கை அறிந்திருந்தால் கோழையின் ஒரு மி.லி.க்கு எவ்வளவு என்று நேராகவே எழுதலாம். அதற்காகத்தான் அந்த எடை.

எண்கள் ஒருபக்கம் சாய்ந்தே பரவும். சிலரிடம் நூறு மடங்குகூட இருக்கும். லாக் எடுத்து ஒப்பிடுங்கள், அல்லது நடுமதிப்பைப் பயன்படுத்துங்கள். கண்டறியும் எல்லைக்குக் கீழே விழுந்தவற்றைப் பூஜ்யம் என்று போடாதீர்கள். எல்லைக்குக் கீழ் என்றே குறித்து, எத்தனை பேர் அப்படி என்று எழுதுங்கள்.

ஒரே ஆளிடம் ஸ்டீராய்டுக்கு முன்னும் பின்னும் எடுத்த இரண்டு மாதிரிகள் கையில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இயோசினோபில் சதவீதமும் இ.சி.பி.யும் ஆல்ஃபா-2-மேக்ரோகுளோபுலினும் சேர்ந்து இறங்கி, அமைலேஸ் மாறாமல் இருந்தால், மருந்து வேலை செய்கிறது என்று துணிந்து சொல்லலாம். இ.சி.பி. இறங்கி, ஆனால் மக்-5பி, ஆல்புமின், சி.சி.-16 எல்லாமே அதே விகிதத்தில் இறங்கி, அமைலேஸ் மட்டும் ஏறியிருந்தால், அது எச்சிலில் நீர்த்த மாதிரி. இயோசினோபில் இறங்கியும் நோயாளிக்கு இளைப்பு குறையவில்லை, நியூட்ரோபிலும் மையலோபெராக்சிடேஸும் உயர்ந்து நிற்கின்றன என்றால் தொற்று உண்டா என்று மருத்துவரிடம் கேளுங்கள்; ஸ்டீராய்டு நியூட்ரோபிலின் ஆயுளை நீட்டிக்கவும் செய்யும். இந்த மூன்றையும் பிரித்தறிய, ஒவ்வொரு குழாயோடும் அதன் எடை, நீர்த்த மடங்கு, தட்டைச் செல் சதவீதம், எடுத்த நேரம், உறையவைத்த நேரம், கடைசி ஸ்டீராய்டு அளவு ஆகிய ஆறும் பதிவேட்டில் இருக்க வேண்டும். குழாயின் மேல் பென்சிலால் அல்ல, மைனஸ் 80ஐத் தாங்கும் ஒட்டுத்தாளில் எண் எழுதுங்கள்.